இரும்பு மணிக்கு மூச்சு ஆகாது

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமா, அக்கா சுகமா, ஆஸ்பத்திரியில் அத்தான் எப்படி இருக்கிறார்?

ஒரு மாதமாக என் போனை நீ எடுக்கவே இல்லை. கடைசியில் ஒற்றை வரியில் ஒரு செய்தி. "போனில் தடவைக்கு ஒன்று சொல்கிறீர்கள். தாளில் எழுதி அனுப்புங்கள், தாளில் இருந்தால் மாறாது." நல்லது. எழுதச் சொன்னால் எழுதிவிட்டுப் போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தலைமையாசிரியர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "இவனை அனுப்பிவிட்டு இந்தப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு" என்று கேட்டாராம். அவர் மனைவியே என்னிடம் சொன்னது.

இங்கே வேலை மும்முரம். கடலோரத்தில் ஓர் உர ஆலை. அம்மோனியா உண்டாக்குகிற கன்வர்ட்டர் கலனில் பழைய கேட்டலிஸ்ட்டை, பயறு அளவு இரும்பு மணிகளை, அள்ளிப்போட்டுப் புதுசு கொட்ட எங்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். கன்வர்ட்டர் இருபது மாடி உயரம். சரி, நீ முகம் சுளிப்பாய், எட்டு என்று வைத்துக்கொள். உச்சியில் நின்றால் கப்பல்கள் எல்லாம் சோப்புத் துண்டு மாதிரி தெரியும்.

நேற்று ஒரு புது இன்ஜினீயர், மீசை இன்னும் சரியாக முளைக்காத பையன், என்னிடம் வந்து, "மாமா, புத்தகத்தில் படிச்சேன், புரியலை. இந்தக் கறுப்பு இரும்பு மணி என்னதான் செய்யுது?" என்று கேட்டான். நான் சொன்னேன். "தம்பி, ஒரு விசேஷ வீட்டுக்கு ஒரு மாமா வர்றார்னு வை. அங்க ரெண்டு பங்காளிங்க ஆளுக்கொரு மூலையில பேசாம உட்கார்ந்திருக்காங்க. மாமா இவன் காதுல ஒரு வார்த்தை, அவன் காதுல ஒரு வார்த்தை. அரை மணியில ரெண்டு பேரும் கட்டிப் புரளுவாங்க. மாமா சட்டை மட்டும் கசங்கியிருக்காது. ஓரமா டீ குடிச்சிட்டிருப்பார். அந்த மாமாதான் கேட்டலிஸ்ட். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அந்தப் பங்காளிங்க." பையன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். என் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விசாரணையில் என்ன சொன்னேனோ அதுதான். முந்தின ஆலையில் அன்றைக்கு அத்தான் கன்வர்ட்டருக்குள் இருந்தார். நான் மேலே மேன்ஹோலில், ஆள் இறங்குகிற வாயில், காவல் நின்றேன். வேர்வை கண்ணில் இறங்கியது என்று காற்றுக் குழாய் மாட்டின ஹெல்மெட்டை அவரே கழற்றினார், துடைத்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். நாலு நிமிஷம் மூச்சில்லாமல் வேலை செய்தார். உள்ளே இருந்தது சுத்த நைட்ரஜன், ஒரு பொட்டுக் காற்று கிடையாது. வேறு எவனாவது நாலு எண்ணுவதற்குள் சுருண்டிருப்பான். நாலு நிமிஷம், மருமகளே. அப்படி ஒரு நெஞ்சு அவருக்கு.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா

*

பிப்ரவரி 10

மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்க நேரமில்லை, நேராக எழுதுகிறேன்.

விசாரணை அறிக்கை எங்களுக்கு வந்துவிட்டது. மூன்றாவது பத்தியை அப்படியே எழுதுகிறேன். "பணியாளர் பாதுகாப்புத் தலைக்கவசத்தைத் தாமே கழற்றியுள்ளார். இது அவரது வழக்கம் என்றும், மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்வதில் அவர் பெருமை கொண்டிருந்தார் என்றும் உடன் பணியாற்றிய உறவினரின் சாட்சியத்தால் தெரியவருகிறது." உறவினர் நீங்கள்தான்.

இந்தப் பத்தி நிற்கும்வரை இது விபத்து இல்லை, அப்பா தானே செய்துகொண்டது. இனிச் செலவை ஏற்க முடியாது என்று ஆலைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்கள். மார்ச் 31 வரைக்கும்தான் படுக்கை. அப்பாவுக்கு மணிக்கு இரண்டு தடவை தொண்டையில் சளி கட்டுகிறது. அவருக்கு விழுங்கவும் தெரியாது, இருமவும் தெரியாது. உறிஞ்சி எடுக்க இயந்திரமும், அதைப் போடத் தெரிந்த நர்சும் அங்கே இருக்கிறார்கள். "வீட்டுக்குக் கொண்டுபோனால் எத்தனை நாள்?" என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் செருப்பைப் பார்த்தார்.

மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். அதற்கு உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் வேண்டும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன் என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த ஹெல்மெட்டை நான் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் கிடங்கில் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. பின்கழுத்தில் இரண்டு கிளிப். போட்டுக்கொண்டு கழற்றிப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொருவர் பின்னால் நின்று எடுத்துவிட்டால்தான் கழலும். உள்ளே இருக்கிறவர் பயத்தில் பிய்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்களாம். அப்பா தனியாக எப்படிக் கழற்றினார்?

உங்கள் உவமை நன்றாக இருக்கிறது. நான் கல்லூரி வேதியியல் கூடத்தில் குடுவை கழுவுகிறவள், எனக்கும் கொஞ்சம் தெரியும். வினையூக்கி அந்த மாமா மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பதில்லை. நைட்ரஜன் அதன் மேல்தான் வந்து ஒட்டுகிறது, அதன் மேல்தான் பிய்கிறது. சட்டை கசங்காதது மாதிரி தெரிவது கடைசியில் பார்க்கிறவருக்குத்தான்.

*

பிப்ரவரி 19

அன்புள்ள மருமகளுக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். எழுது. மாமனிடம் கோபப்படாமல் பின் யாரிடம்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். அன்றைக்கு அந்த விசாரணை அதிகாரி எடுத்த எடுப்பிலேயே என்ன கேட்டார் தெரியுமா? "ஆள் கவனக்குறைவானவரா?" என் அத்தானைப் பார்த்து. முப்பது வருஷம் கேட்டலிஸ்ட் கொட்டினவரை. கொட்டின மணியை அவர் மட்டம் தட்டிவிட்டால் மேலே ஒரு முட்டையை வைத்தால் உருளாது. புது மணியைச் சாக்குக் குழாய் வழியாக விடும்போது ஒரு முழத்துக்கு மேல் உயரத்திலிருந்து விழ விடமாட்டார், உடைந்து தூளாகிவிடும் என்று. தூளானால் வாயு ஒரு பக்கம் போகும், ஒரு பக்கம் போகாது, உரம் ஒழுங்காக வராது. இந்த நாட்டில் எத்தனை வயலுக்குப் போன உரம் அவர் கையால் மட்டம் தட்டின இரும்பின் மேல் உண்டானது என்று கணக்குப் போட்டால் கால்வாசி ஜனம் எழுந்து நின்று கும்பிட வேண்டும். அவரைப் போய்க் கவனக்குறைவா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? "ஐயா, அவர் கவனக்குறைவு இல்லை, தைரியசாலி" என்றேன். "எப்படி?" என்றார். அப்புறம் வாய் தானாகப் போய்விட்டது. அவருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்றுதான்.

கிளிப்பைப் பற்றிக் கேட்கிறாய். அத்தான் கைநீளம் உனக்குத் தெரியாதா? முதுகில் எந்த இடம் அரித்தாலும் தானே சொறிந்துகொள்வார். ஒரு பக்கத்துக் கிளிப்பைச் சரியாகப் போட்டிருக்கமாட்டோம். போட்டது யார் என்று கேட்பாய். நான்தான். ஆனால் சரியாகத்தான் போட்டேன். எனக்கே இப்போது கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது.

எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் அப்படியே நிலா மாதிரி தெரிந்தது. கையை ஆட்டினார்.

இங்கே கேட்டலிஸ்ட் அள்ளுகிற வேலை முடிந்துவிட்டது. பதிமூன்று வருஷம் வேலை செய்த மணி. கையில் எடுத்துப் பார்த்தால் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசமே தெரியாது. உள்ளே செத்திருக்கும். மேலே ஏதோ ஒரு கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துக்கொள்ளுமாம், பங்காளிகள் உட்கார இடமே இல்லாமல் போகுமாம். மீசைப் பையன் சொன்னான். எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளவில்லை.

அத்தான் பேசுகிறாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

உன் மாமா

*

பிப்ரவரி 27

மாமா,

அப்பா பேசுவதில்லை. யாரையும் கேட்பதில்லை. கண் திறந்திருக்கிறது, ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால் ஜன்னலைப் பார்க்கிறார், சுவர்ப் பக்கம் திருப்பினால் சுவரை. வலது கை மட்டும் அசைகிறது. விரலை விரித்துப் போர்வை மேல் வைத்து, மெதுவாக வலமிருந்து இடம் தள்ளுகிறார். மறுபடி வலத்துக்குக் கொண்டுபோகிறார். நர்ஸ் அதை வலிப்பு என்று எழுதி வைத்திருக்கிறாள். அம்மா ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வலிப்பு இல்லைடி, மட்டம் தட்டுறாரு" என்றாள். போர்வையில் சுருக்கம் இருந்தால் கை அங்கேயே நிற்கிறது. இப்போது அம்மா சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் இரண்டு கடிதங்களையும், விசாரணையில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விசாரணையில் அப்பா உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். முதல் கடிதத்தில் உங்களைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவதில் நிலா மாதிரி, கையையும் ஆட்டினார். கன்வர்ட்டர் உள்ளே பதினாலு மீட்டர் ஆழம். பழைய மணியை உறிஞ்சும்போது கறுப்புத் தூசி, தலையில் கட்டின விளக்கு இரண்டடிக்கு மேல் போகாது என்று அப்பாவே வீட்டில் சொல்லியிருக்கிறார். நிலா எங்கிருந்து வந்தது?

ஒன்று சொல்கிறேன். அந்த இரும்பு மணி காற்றுப் பட்டால் தணலாகும், அதனால்தான் கன்வர்ட்டருக்குள் நைட்ரஜனை நிரப்புகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிஜன் சேர்ந்த வாயு துளி போனாலும் அதற்கு விஷம். நாம் விடும் மூச்சு அதற்கு ஆகாது. அதற்கு ஆகிற நைட்ரஜன் நமக்கு ஆகாது. வாசனை கிடையாது, மூச்சு முட்டாது, இருமல் வராது. உள்ளே போகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் உடம்பு கொடுக்காது. அதனால்தான் வெளியே ஒரு ஆள். அப்பாவின் மூக்கும் பயமும் அந்த மேன்ஹோலில் நிற்கிற ஆளிடம் இருந்தன. அது நீங்கள்.

எனக்கு இப்போது ஹெல்மெட் கூட வேண்டாம், மாமா. ஒரே ஒரு கேள்வி. நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அம்மா உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. தம்பி என்ற வார்த்தையையே விட்டுவிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரர், "கூடப் பிறந்தவங்க யாரும் இல்லியாம்மா?" என்று கேட்டபோது இல்லை என்றாள்.

*

மார்ச் 8

மருமகளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நிஜமாகவே நாலு.

நான் மேன்ஹோலில் இல்லை.

அந்த இடத்தில் ரெண்டு பேர் நிற்கணும். அன்றைக்கு ஒருத்தன் வரவில்லை. ஒப்பந்தக்காரர் என் தோளில் தட்டி, "நீ ஒருத்தனே நாலு பேருக்குச் சமம், பார்த்துக்க" என்றார். எனக்குச் சொல்லணுமா. பல்லைக் காட்டித் தலையாட்டினேன்.

வேலை ஒன்றும் பெரிசில்லை. அத்தான் ஹெல்மெட்டுக்குக் காற்று மேலே நிற்கிற சிலிண்டரிலிருந்து குழாய் வழியாகப் போகும். சிலிண்டர் தீரப்போனால் விசில் அடிக்கும். அடித்த பிறகும் பத்து நிமிஷத்துக்குக் காற்று இருக்கும். ஒரு வால்வைத் திருப்பினால் அடுத்த சிலிண்டர். குழந்தை கூடச் செய்யும். காதில் ஒரு போன் மாட்டியிருப்போம், உள்ளே இருந்து அவர் பேசுவது கேட்கும். "குழாயை லேசா தூக்குடா" என்பார். "டீ வந்துச்சாடா" என்பார்.

கீழ்த்தட்டில் புது ஆட்கள் ஒன்பது பேர் ஓய்வாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் மேலே பார்த்து, "அண்ணே, நீங்கதான் முன்னாடி ஒரு ஆலையில ஒருத்தரை ஒத்தக் கையால தொட்டியிலேருந்து இழுத்தீங்களாமே, எப்படிண்ணே?" என்றான். நான் அங்கிருந்தே சொல்ல ஆரம்பித்தேன். பழைய மணியை உறிஞ்சுகிற பம்ப் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. நாலு படி இறங்கினேன். இன்னும் நாலு. காதுபோன் கம்பி எட்டவில்லை, அதைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டினேன். அப்புறம் தட்டுக்கே இறங்கிவிட்டேன்.

நான் அத்தானைக் காப்பாற்றின கதை அது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பதினாலு நிமிஷம் ஆகும். அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

விசில் அடித்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேனே.

நான் ஏறி வந்தபோது அவர் இடுப்பில் கட்டின கயிறு அசையவில்லை. கயிற்று உருளையின் கைப்பிடியைச் சுற்றி அவரை மேலே இழுத்தேன். கிளிப் ரெண்டையும் நான்தான் எடுத்தேன், ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன், முகத்தில் காற்று படட்டும் என்று. அதற்குள் எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள். யாரோ ஒருத்தர், "ஹெல்மெட்டை அவரே கழட்டிட்டாரா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாம்தான். மீதி எல்லாம் அதற்கு நான் போட்ட சட்டை.

இதைக் கொண்டுபோய்க் கொடு. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை என்ன செய்தாலும் சரி.

உன் மாமா

*

மார்ச் 14

மாமா,

படித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பாதியில் எழுந்து போய்க் கூடத்தில் இருந்த குடுவைகளை எல்லாம் கழுவினேன், கழுவினவற்றையே மறுபடி கழுவினேன்.

என்ன நினைக்கிறேன் என்று எழுத இப்போது நேரமில்லை. பதினேழு நாள் இருக்கிறது.

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். மனுவை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சாட்சியம் மாறுகிறபோது ஆள் நேரில் வர வேண்டுமாம். மார்ச் 24, காலை பத்து மணி, போன தடவை நீங்கள் போன அதே அலுவலகம், இரண்டாம் மாடி. ஆலையின் வக்கீலும் இருப்பார்.

மாமா, நான் சொல்வதைக் கேளுங்கள். இந்தக் கடிதத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். ஒன்பது பேர் என்றால் ஒன்பது. பதினாலு நிமிஷம் என்றால் பதினாலு. கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு வாய் திறக்க வேண்டாம். அழகாகச் சொல்ல வேண்டாம். அவர்கள் கொட்டாவி விட்டாலும் விடட்டும். சலிப்பாகச் சொல்லுங்கள். இதுவரை உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

ஒழுங்காக நடந்தால் படுக்கையை நிறுத்த மாட்டார்கள் என்று அங்கே ஒரு எழுத்தர் சொன்னார். நர்சிடம் சொன்னேன். அவள் அப்பாவின் கட்டில் அட்டையில் இருந்த 31 என்ற தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

*

மார்ச் 18

அன்புள்ள மருமகளுக்கு,

வருகிறேன். விடுப்புச் சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் முடியாது என்றார், "வேலையை நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டேன். இது நிஜம், வேலை போய்விட்டது. 

சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன். தங்கியிருக்கிற அறையில் முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று தினம் ரெண்டு வேளை சொல்லிப் பார்க்கிறேன். அறைக்கூட்டாளி வெல்டர், நல்ல மனுஷன், கட்டிலில் உட்கார்ந்து கேட்பான். முதல் தடவை, "என்னண்ணே, மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான். நான், "அப்படித்தாண்டா இருக்கணும், என் மருமகள் சொல்லியிருக்கா" என்றேன். நீ பயப்படாதே. ஒன்பது, பதினாலு, ரெண்டு கிளிப், ஒரு ஆமாம். அவ்வளவுதான். 

நேற்றைக்குச் சொல்லும்போது வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதனால் நன்றாகத்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அத்தான் படுக்கை போகாது. உன் மாமன் இருக்கிறேன்.

உன் மாமா

*

மார்ச் 28

மாமா,

நீங்கள் படியிறங்கி நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டதாகக் காவல்காரர் சொன்னார். வீட்டுக்கு வராதது நல்லது.

உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நடந்ததை எழுதி வைக்கிறேன். தாளில் இருக்கட்டும்.

ஆரம்பித்தது நன்றாகத்தான். நீங்கள் மேன்ஹோலில் இல்லை என்று சொன்னீர்கள். ஒன்பது பேர் என்றீர்கள். நான் பின்வரிசையில் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி தலை நிமிரவே இல்லை. வேறு ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டு, "ம், ம்" என்றார். நீங்கள் அவருடைய வழுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உங்கள் தோள் கொஞ்சம் உயர்ந்தது.

ஒன்பது பேர் முப்பது பேர் ஆனார்கள். பம்ப் நாலு ஆனது. அப்பா காதுபோனில் உங்கள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டதாகச் சொன்னீர்கள். காதுபோன் கம்பியில் தொங்கியது என்று அதற்கு முந்தின வரியில்தான் சொல்லியிருந்தீர்கள். பின்னால் வேறு வழக்குக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினாள். அதிகாரி தலையை நிமிர்த்தினார். அதற்குப் பிறகு உங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. அந்த விசில் சாதாரண விசில் இல்லை, ஏழு மைல் தூரம் கேட்கும், மீன் பிடிக்கப் போன படகுக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள் என்றீர்கள்.

வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏழு மைலுக்குக் கேட்கிற விசில், பதினாறு படிக்குக் கீழே இருந்த உங்களுக்கு மட்டும் கேட்கலையா?"

யாரோ சிரித்தார்கள். நீங்களும் பாதி சிரித்தீர்கள், பழக்கத்தில். எத்தனை தடவை கேட்டும் பதில் சொல்லவில்லை. "ஐயா, இது இவர் சொல்லும் மூன்றாவது கதை. சொந்தக்காரருக்கு உதவுவதற்காகத் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார். நல்ல மனசு. சாட்சியம் இல்லை" என்றார் வக்கீல். அதிகாரியும் அப்படியே எழுதினார். நீங்கள் நல்ல மனசுக்காரர் என்று கோப்பில் இருக்கிறது. மூன்றாவது பத்தி அப்படியே நிற்கிறது.

இன்று நர்ஸ் பென்சில் குறியை அழித்தாள். எனக்கு உறிஞ்சும் கருவியைப் போடக் கற்றுக்கொடுத்தாள், காலால் மிதிக்கிற ஒன்று, இரவல். குழாயை எவ்வளவு ஆழம் விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொன்னாள். முதல் தடவை அப்பா முகம் நீலமாகிவிட்டது. அம்மா இனிமேல் நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் முறை வைத்திருக்கிறோம். அவள் தூங்கும்போது நான், நான் வேலைக்குப் போகும்போது அவள். யாராவது ஒருவர் கண்ணயர்ந்தால் முடிந்தது. மேன்ஹோல் 31-ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வருகிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

*

ஏப்ரல் 6

மருமகளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இது ஒன்றுதான். பதில் கேட்கமாட்டேன்.

அந்த வக்கீல் கேட்டதற்கு அங்கே பதில் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை, பயமும் இல்லை. உன்னிடம் எழுதிய கடிதத்திலேயே அதை மாற்றித்தான் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மறைக்கத்தான் மீதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன் என்று பேருந்தில் வரும்போது தெரிந்தது. 

கீழ்த்தட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருத்தன் தூங்கிக்கொண்டிருந்தான், அதனால் கேட்டது எட்டுப் பேர். பம்ப் ஒன்று ஓடியது. அதன் சத்தம் பேசுகிறவன் குரலைத்தான் மறைக்கும்.

கதையில் தொட்டிக்குள் மயங்கிக் கிடந்தது அத்தான், இழுத்தது நான். நிஜத்தில் கிடந்தது நான். இழுத்தது அவர். ஒத்தக் கை இல்லை, ரெண்டு கையும், அப்புறம் பல்லாலும் கயிற்றைக் கடித்துக்கொண்டார், முன்பல் ஒன்று போனது. அந்தப் பல் எப்படிப் போனது என்று உனக்கு அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். நான் கதையை மாற்றிச் சொல்வது அவருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

அவரைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவருகிற இடம் கடைசியில் வரும். அங்கேதான் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதுப் பையன் கையைத் தூக்கி மேலே காட்டி, "அண்ணே, ரொம்ப நேரமா ஏதோ விசில் அடிக்குது" என்றான்.

எனக்கும் கேட்டது. "இரு, முடிச்சுட்டுப் போறேன்" என்றேன்.